காணாமல் போன 10 பிட்: ஒரு மானிட்டர் இணைப்பின் நிகழ்வு ஆய்வு

கணினி கேபினெட்டின் மின்விசிறிச் சத்தம் தாங்காமல் அதை மேசையிலிருந்து இறக்கிச் சுவரோரமாக வைத்தேன். அதுவரை கணினியை மானிட்டரோடு இணைத்திருந்த 1.5 மீட்டர் டிஸ்ப்ளேபோர்ட் கேபிள் அங்கிருந்து எட்டவில்லை. 5 மீட்டரில் ஒன்று வாங்கினேன். உறையில் ‘1.4’ என்றும் ‘8கே’ என்றும் பெரிதாக அச்சிட்டிருந்தார்கள். மாட்டினேன், படம் வந்தது, வினாடிக்கு 165 முறை திரையைப் புதுப்பிக்கும் 165 ஹெர்ட்ஸும் வந்தது. மேசை திரும்பிய பக்கத்தில் ஜன்னல் வெளிச்சம் வேறு மாதிரி விழுந்ததால் நிறங்கள் கொஞ்சம் வெளிறித் தெரிந்தன. மானிட்டர் மெனுவுக்குள் போய்க் கண்டதை மாற்றி, குழம்பி, கடைசியில் ஃபேக்டரி ரீசெட் கொடுத்தேன். இந்தக் கடைசி வரியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நான் வைத்துக்கொள்ளவில்லை.

மூன்று நாள் கழித்து ஒரு மாலை வானப் படத்தைத் திருத்திக்கொண்டிருந்தபோது வானத்தில் படிக்கட்டு தெரிந்தது. இளநீலத்திலிருந்து ஆரஞ்சுக்கு வழுக்கிக்கொண்டு போக வேண்டிய நிறம் பட்டை பட்டையாக நின்றது. விண்டோஸின் மேம்பட்ட திரை அமைப்பைத் திறந்தேன். பிட் டெப்த், அதாவது ஒவ்வொரு நிறத்துக்கும் எத்தனை பிட் என்ற அளவு, 8 என்று இருந்தது. அது குறைந்தால் நிறத்தின் படிகளும் குறையும். இதே மானிட்டரில், இதே கிராஃபிக்ஸ் கார்டில், போன வாரம் வரை அது 10. கார்டின் கட்டுப்பாட்டுப் பலகையில் 10 பிட் என்ற தேர்வே இல்லை.

உபகரணங்களைச் சொல்லிவிடுகிறேன். மானிட்டர் 2560×1440, அதிகபட்சம் 165 ஹெர்ட்ஸ், 10 பிட், ஒரு டிஸ்ப்ளேபோர்ட் 1.4, ஒரு எச்டிஎம்ஐ 2.0. படத் தரவைச் சுருக்கி அனுப்பும் டிஎஸ்சி என்னும் வசதி கிடையாது. கார்டிலும் டிஸ்ப்ளேபோர்ட் 1.4தான்.

தப்புக் கணக்குகள்

முதலில் சந்தேகப்பட்டது புதிய கேபிளை. நியாயமான சந்தேகம். கேபினெட்டைத் திரும்பவும் மேசைமேல் தூக்கி வைத்து, பழைய 1.5 மீட்டர் கேபிளை மாட்டிப் பார்த்தேன். அப்போதும் 8 பிட்தான். ‘சரி, கேபிள் மேல் தப்பில்லை’ என்று எழுதி வைத்துக்கொண்டேன். அந்தக் குறிப்பு பிறகு என்னை மூன்று நாள் அலைக்கழித்தது.

அடுத்து டிரைவர், கார்டை இயக்கும் மென்பொருள். முழுதாக நீக்கி மறுபடி நிறுவினேன், பழைய பதிப்பை இறக்கினேன், திரும்பப் புதியதைப் போட்டேன். ஒரு மாலை இப்படியே போனது. திரையில் எது கெட்டாலும் டிரைவரை மாற்றிப் பார்ப்பது நம்மில் பலருக்குக் கைப்பழக்கமாகிவிட்டது. சில நேரம் பலிப்பதால்தான் அந்தப் பழக்கம் விடுவதில்லை.

அப்புறம் எச்டிஎம்ஐ. அதில் 144 ஹெர்ட்ஸ், 8 பிட் வந்தது. 144இல் 10 பிட் இல்லை. இரண்டு வெவ்வேறு துளைகள், இரண்டிலும் 10 பிட் இல்லை, ஆகவே கார்டுதான் போய்விட்டது என்று முடிவு கட்டினேன். கார்டைக் கழற்றத் திருப்புளியைக் கையில் எடுத்தாயிற்று. அந்த நேரத்தில்தான் ஒரு சின்னக் கணக்கைப் போட்டுப் பார்க்கத் தோன்றியது. முதல் நாளே போட்டிருக்க வேண்டியது.

கணக்கு

ஒரு படம் கேட்கும் பேண்ட்வித்தை, அதாவது வினாடிக்குக் கடத்த வேண்டிய தரவின் அளவை, காகிதத்திலேயே கண்டுபிடிக்கலாம். அகலம், உயரம், வினாடிக்கு எத்தனை முறை, ஒரு புள்ளிக்கு எத்தனை பிட் ஆகிய நான்கையும் பெருக்க வேண்டியதுதான். 8 பிட் என்றால் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றுக்கும் சேர்த்துப் புள்ளிக்கு 24. 10 பிட் என்றால் 30. 2560×1440×165×30 என்று பெருக்கினால் வினாடிக்குச் சுமார் 18.25 ஜிகாபிட்.

இது கண்ணுக்குத் தெரியும் புள்ளிகளுக்கு மட்டும். ஒவ்வொரு வரியின் முடிவிலும் ஒவ்வொரு படத்தின் முடிவிலும் கொஞ்சம் வெற்று நேரம் விடுவார்கள். படக்குழாய்த் திரைகளில் எலக்ட்ரான் கற்றை திரும்பி வருவதற்காக விட்ட இடைவெளி அது. குழாய் போய்விட்டது, இடைவெளி மெலிந்த வடிவில் இன்னும் இருக்கிறது. திரைகளுக்கான தரங்களை வகுக்கும் வெசா அமைப்பின் குறைத்த இடைவெளிக் கணக்கின் இரண்டாம் பதிப்பைப் பயன்படுத்தினால் 165 ஹெர்ட்ஸ் 10 பிட்டுக்கு 20.37 ஜிகாபிட் வேண்டும். 8 பிட்டுக்கு 16.30. மானிட்டருக்கு மானிட்டர் இந்த இடைவெளி கொஞ்சம் மாறும் என்பதால் இரண்டாவது தசம இடத்தைப் பிடித்துத் தொங்க வேண்டாம்.

இப்போது கம்பியின் பக்கம். டிஸ்ப்ளேபோர்ட் கேபிளில் தரவு போகும் பாதைகள் நான்கு. லேன் என்பார்கள். 1.2 பதிப்பில் ஒரு லேனின் உச்ச வேகம் 5.4 ஜிகாபிட், எச்.பி.ஆர். 2 என்று பெயர். 1.3இலும் 1.4இலும் 8.1 ஜிகாபிட், அது எச்.பி.ஆர். 3. நான்கு லேனுக்கும் கூட்டினால் 21.6, 32.4. பெட்டிகளில் அச்சாகும் எண்கள் இவைதான். ஆனால் இந்த வேகங்களில் ஒவ்வொரு 8 பிட்டும் 10 பிட்டாக மாறித்தான் பயணிக்கிறது. ஐந்தில் ஒரு பங்கு வழிச்செலவு. படத்துக்கு மிஞ்சுவது 17.28, 25.92.

17.28ஐப் பார்த்ததும் திருப்புளியைக் கீழே வைத்தேன். 165 ஹெர்ட்ஸ் 8 பிட் கேட்பது 16.30, உள்ளே அடங்கும். 10 பிட் கேட்பது 20.37, அடங்காது. என் திரையில் நடந்துகொண்டிருந்ததும் அச்சு அசலாக இதுவேதான்.

எச்டிஎம்ஐ குட்டும் அப்போதே உடைந்தது. எச்டிஎம்ஐ 2.0இன் 18 ஜிகாபிட்டில் படத்துக்குக் கிடைப்பது 14.4. 144 ஹெர்ட்ஸ் 8 பிட் 14.08 கேட்கிறது, மயிரிழையில் நுழைந்துவிடும். அதே வேகத்தில் 10 பிட் 17.60, வாய்ப்பே இல்லை. அந்தத் துளை ஆரோக்கியமாகத்தான் இருந்தது. அதன் எல்லையையே நோய் என்று நினைத்துக் கார்டின் மேல் பழி போட்டிருக்கிறேன்.

இது ஊகம் மட்டும்தானா என்று சோதிக்க, டிஸ்ப்ளேபோர்ட்டிலேயே ரெஃப்ரெஷ் ரேட்டைப் படிப்படியாகக் குறைத்தேன். 144இல் 10 பிட் இல்லை. 120இல் வந்துவிட்டது. 120 ஹெர்ட்ஸ் 10 பிட் கேட்பது 14.49. ஆக உச்சவரம்பு 14.49க்கு மேல், 17.60க்குக் கீழ் எங்கோ நிற்கிறது. டிஸ்ப்ளேபோர்ட் 1.4 வரையிலான சேர்க்கைகளில் அந்த இடைவெளிக்குள் விழுவது ஒன்றே ஒன்றுதான்: நான்கு லேன், எச்.பி.ஆர். 2. எச்.பி.ஆர். 3இல் இரண்டு லேன் மட்டும் வேலை செய்தால் 12.96தான் வரும், அது பொருந்தாது. எந்த மென்பொருளும் இல்லாமல், ரெஃப்ரெஷ் ரேட்டை மாற்றிப் பார்த்தே இவ்வளவு தூரம் வர முடிந்தது எனக்கே ஆச்சரியம்.

வாக்கு வேறு, வழங்கியது வேறு

இணைப்பு எச்.பி.ஆர். 2இல் நிற்கிறது என்பது தெரிந்துவிட்டது. ஏன் நிற்கிறது? இரண்டு காரணம் இருக்கலாம். ‘என்னால் இவ்வளவுதான் முடியும்’ என்று மானிட்டரே சொல்லியிருக்கலாம். அல்லது ‘எச்.பி.ஆர். 3 முடியும்’ என்று இரு முனைகளும் ஒப்புக்கொண்ட பிறகு கம்பி காலை வாரியிருக்கலாம். இந்த இரண்டும் திரையில் ஒரே மாதிரிதான் தெரியும். வைத்தியம் மட்டும் முற்றிலும் வேறு.

விண்டோஸ் இதைப் பிரித்துக் காட்டாது. பென் டிரைவிலிருந்து லினக்ஸை ஏற்றினேன். என்னுடையது போன்ற ஏஎம்டி கார்டுகளுக்கான திறந்த மூல டிரைவர், லினக்ஸின் உட்கருவான கெர்னலின் டீபக் (பிழை ஆய்வு) கோப்புறையில் ஒவ்வொரு டிஸ்ப்ளேபோர்ட் துளைக்கும் ‘லிங்க் செட்டிங்ஸ்’ என்றொரு கோப்பை வைக்கிறது. ரூட் என்னும் நிர்வாகி அனுமதியோடு படித்தால் லேன் எண்ணிக்கையும் வேகமும் ஒரே வரியில் கிடைக்கும். அதில் ‘கரன்ட்’ இப்போது ஓடும் வேகம், ‘வெரிஃபைடு’ சோதித்துத் தேறிய வேகம், ‘ரிப்போர்டட்’ மானிட்டர் தன் வாயால் சொன்ன வேகம். வேகங்கள் பதினாறடிமான எண்ணில் இருக்கும். பதின்மத்துக்கு மாற்றி 0.27ஆல் பெருக்கினால் ஒரு லேனின் ஜிகாபிட். 20 என்றால் 5.4, 30 என்றால் 8.1.

இங்கே ஒரு கண்ணி இருக்கிறது. ‘கரன்ட்’ 20 என்று இருப்பதை வைத்து எதையும் முடிவு செய்யக் கூடாது. படத்துக்கு 20 போதும் என்றால் இந்த டிரைவர் 30க்குப் போக மாட்டாது. தேவைக்கு மேல் வேகம் எதற்கு என்று அடக்கி வாசிக்கும். பார்க்க வேண்டியது மற்ற இரண்டையும்.

என் மானிட்டரின் ‘ரிப்போர்டட்’ 20. அதாவது கம்பி சோதிக்கப்படவே இல்லை. மானிட்டரே தன்னை 1.2 என்று அறிமுகப்படுத்திக்கொண்டிருந்தது.

மானிட்டர் மெனுவில் நாலு படி உள்ளே, ஒலி அளவுக்கும் மொழித் தேர்வுக்கும் நடுவில், ‘டிஸ்ப்ளேபோர்ட் பதிப்பு’ என்ற வரி இருந்தது. 1.2 என்று நின்றது. பழைய கார்டுகளோடு பிரச்சினை வராமல் இருக்க, தொழிற்சாலையிலிருந்து அப்படியே அனுப்புகிறார்கள். வாங்கிய புதிதில் 1.4க்கு மாற்றியவன் நானேதான். ஃபேக்டரி ரீசெட் அதைத் திருப்பிப் போட்டுவிட்டது. பழைய கேபிளிலும் 10 பிட் வராததற்குக் காரணம் இதுவே. 1.4க்கு மாற்றினேன், திரை ஒரு நொடி அணைந்து எழுந்தது, 165 ஹெர்ட்ஸில் 10 பிட். வானம் வழவழப்பாக இருந்தது.

தலைவலி போய்த் திருகுவலி

அன்று இரவே திரை திடீரென்று கருத்தது. ஒன்றரை வினாடி இருக்கும், திரும்ப வந்தது. அரை மணி கழித்து மறுபடி. அதுவரை ஒரு முறைகூட இப்படி நடந்ததில்லை.

ஒரு தாளில் நேரத்தைக் குறிக்கத் தொடங்கினேன். இரண்டு நாளில் பதினோரு முறை. அதில் நான்கு முறை நான் நாற்காலியிலிருந்து எழுந்த கணத்தில். முதலில் மனப்பிரமை என்று நினைத்தேன். ஆனால் வாயு உருளை வைத்த சுழல் நாற்காலிகளில் உட்காரும்போதும் எழும்போதும் நிலைமின்னேற்றம் பாய்வதும், அந்த அதிர்வலையைத் திரைக் கேபிள் பிடித்துக்கொள்வதும் பலரும் கண்ட விஷயம்தான். நல்ல உறையுள்ள கேபிள் அதைத் தாங்கிவிடும். விளிம்பில் நிற்கும் இணைப்புக்கு அந்த ஒரு தட்டு போதும்.

விளிம்பு என்று ஏன் சொல்கிறேன் என்றால், டிஸ்ப்ளேபோர்ட்டில் படம் ஓடுவதற்கு முன் கார்டும் மானிட்டரும் ஒத்திகை பார்க்கின்றன. லிங்க் டிரெய்னிங் என்று பெயர். கார்டு ஒரு தெரிந்த வடிவத்தை அனுப்பும். மானிட்டர் அதிலிருந்து கடிகாரத் துடிப்பைப் பிடிக்கும், அப்புறம் எழுத்துகள் சரியாக வருகின்றனவா என்று பார்க்கும். சரியில்லையென்றால் துணைச் சானல் வழியாக ‘இன்னும் கொஞ்சம் சத்தமாகச் சொல்’ என்று கேட்கும். கார்டு மின்னழுத்த வீச்சை ஏற்றும், அல்லது மாறும் விளிம்புகளை அழுத்திக் கொடுக்கும். வீச்சில் நான்கு படி, அழுத்தத்தில் நான்கு படி, அவ்வளவுதான். எதிலும் தேறவில்லையென்றால் ஒரு படி குறைந்த வேகத்தில் ஒத்திகை மறுபடி தொடங்கும்.

ஒத்திகையில் தேறிய இணைப்பு அரங்கில் தடுமாறுவதும் உண்டு. ஒன்றிரண்டு பிட் பிழைத்தால் கண்ணுக்கு எட்டாத ஒரு புள்ளி தவறும். மானிட்டர் பூட்டே இழந்துவிட்டால், தான் மாட்டியிருப்பதைக் கார்டுக்குச் சொல்வதற்கென்றே உள்ள தனிக் கம்பியில் ஒரு மில்லிவினாடிக்குள் முடியும் சிறு துடிப்பைக் கொடுத்து ‘பிடி நழுவிவிட்டது’ என்று சொல்லும். கார்டு மறுபடி ஒத்திகை நடத்தும். அந்த நேரம்தான் நாம் பார்க்கும் கருப்பு.

எச்டிஎம்ஐ 2.0 வரை இப்படி ஒரு ஒத்திகை கிடையாது. அங்கே கேபிள் பலவீனமானால் முதலில் திரையில் வெள்ளைப் பொட்டுகள் மினுமினுக்கும். டிஸ்ப்ளேபோர்ட்டில் பெரும்பாலும் எல்லாம் சரியாக இருக்கும், அல்லது கருப்பு. நடுவில் எச்சரிக்கை குறைவு.

மூன்றாம் நாள் காலையில் கணினியை இயக்கியதும் மறுபடி 8 பிட். மெனுவைப் பார்த்தேன், 1.4 அப்படியே இருந்தது. லினக்ஸில் ஏற்றிக் கோப்பைப் படித்தேன். ‘ரிப்போர்டட்’ 30. ‘வெரிஃபைடு’ 20. இந்த முறை மானிட்டர் வாக்குக் கொடுத்திருக்கிறது, கம்பிதான் தேறவில்லை. முதல் நாள் கண்ட அதே அறிகுறி, முற்றிலும் வேறு காரணம். 1.2இல் ஓடிய நாட்களில் இந்த 5 மீட்டர் கேபிளை யாரும் 8.1 ஜிகாபிட்டுக்கு இழுக்கவே இல்லை, அதனால் அது நல்ல பிள்ளையாக இருந்தது. முதல் கோளாறு இரண்டாவதை மூடி வைத்திருந்தது.

உறுதி செய்தது

இனிமேல் ஊகத்துக்கு இடம் கொடுக்கக் கூடாது என்று முடிவு செய்தேன். 5 மீட்டர் கேபிளிலேயே 165 ஹெர்ட்ஸ் 8 பிட் வைத்து ஒரு முழு நாள் லினக்ஸில் வேலை செய்தேன். ‘கரன்ட்’ 20. ஒரு முறைகூடக் கருக்கவில்லை. கேபினெட்டை மேசைமேல் ஏற்றி, பழைய 1.5 மீட்டர் கேபிளில் 10 பிட் வைத்து இரண்டு நாள். ‘வெரிஃபைடு’ 30, கருப்பு இல்லை. நாற்காலியில் வேண்டுமென்றே எழுந்து எழுந்து உட்கார்ந்தேன், வீட்டில் பார்த்தவர்களுக்கு விளக்கம் சொல்ல வேண்டியதாயிற்று. திரும்ப 5 மீட்டர், 10 பிட். ஒரு மணி நேரத்துக்குள் கருத்தது. மாற்றியதை மறுபடி பழைய நிலைக்குக் கொண்டுவந்து, கோளாறும் கூடவே திரும்புகிறதா என்று பார்க்காதவரை எந்தத் தீர்வையும் நான் நம்புவதில்லை. முதல் நாள் கேபிளை விடுவித்தபோது நான் செய்யாமல் விட்டது இதுதான்.

கடைசியாக ஒரு சந்தேகம் மிச்சம் இருந்தது. டிஸ்ப்ளேபோர்ட் பிளக்கின் 20ஆம் ஊசி 3.3 வோல்ட் மின்சாரத்துக்கானது. சாதாரணக் கேபிளில் இரு முனைகளின் 20ஆம் ஊசிகளை இணைக்கக் கூடாது என்பது விதி. சில மலிவுக் கேபிள்களில் இணைத்துவிடுகிறார்கள். அப்போது மானிட்டரின் மின்சாரம் பின்வழியாகக் கார்டுக்குள் ஏறும், கணினி துவங்க மறுப்பது போன்ற விநோதங்கள் வரும். மல்டிமீட்டர் வைத்துப் பார்த்தேன், தொடர்பு இல்லை. அந்த வகையில் இந்தக் கேபிள் ஒழுங்குதான். நீளம் மட்டுமே அதன் குற்றம்.

கேபிளுக்குப் பதிப்பு எண் கிடையாது

உறையில் இருந்த ‘1.4’ பற்றி ஒரு வார்த்தை. பதிப்பு எண் கார்டுக்கும் மானிட்டருக்கும் உரியது. செம்புக் கம்பிக்கு 1.4ஆவது, 1.2ஆவது, அது எவ்வளவு வேகத்தைச் சிதையாமல் கடத்துகிறது என்பதே கேள்வி. வெசா கேபிள்களுக்குத் தரும் சான்றும் வேகத்தின் பெயரில்தான் இருக்கிறது. எச்.பி.ஆர். 3க்குத் தேறியது டிபி8கே, 2.1 பதிப்பின் உயர்ந்த வேகங்களுக்கு டிபி40, டிபி80. என் உறையில் ‘8கே’ இருந்தது, வெசாவின் சான்று முத்திரை இல்லை. வாங்கும்போது இரண்டும் ஒன்று என்று நினைத்துவிட்டேன்.

செம்பில் வேகம் ஏற ஏற, நீளத்தால் வரும் இழப்பும் ஏறும். எச்.பி.ஆர். 2இல் 5 மீட்டரைச் சமாளித்த கம்பி எச்.பி.ஆர். 3இல் மூச்சு வாங்குவது இயல்பு. உண்மையிலேயே தூரம் தேவைப்பட்டால் ஒளியிழை வைத்த ஆக்டிவ் கேபிள்கள் இருக்கின்றன. அவற்றில் கார்டு முனை எது, மானிட்டர் முனை எது என்று குறித்திருப்பார்கள், திருப்பி மாட்டினால் படம் வராது.

டிஎஸ்சி உள்ள மானிட்டராக இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பார்த்தேன். 4கே 144 ஹெர்ட்ஸ் 10 பிட்டுக்கு 39 ஜிகாபிட்டுக்கு மேல் வேண்டும். டிஸ்ப்ளேபோர்ட் 1.4இன் 25.92இல் அது நுழைவதே டிஎஸ்சி அழுத்திச் சுருக்குவதால்தான். இணைப்பு எச்.பி.ஆர். 2க்கு விழுந்தாலும் இன்னும் கொஞ்சம் அழுத்தினால் 17.28க்குள்ளும் அது அடங்கிவிடும். அமைப்பில் 144, 10 பிட் என்றே தெரியும். இந்த ஆய்வுக்கு வேலையே இருந்திருக்காது, கேபிளின் குறையும் எனக்குத் தெரிந்திருக்காது. அது வரமா சாபமா என்று சொல்லத் தெரியவில்லை. படம் திருத்துகிறவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்திருப்பதே பிடிக்கும்.

லேன் எண்ணிக்கைக்கும் ஒரு வரி கொடுத்துவிடுகிறேன், ஏனென்றால் மடிக்கணினிக்காரர்களின் சிக்கல் பெரும்பாலும் அங்கேதான். டைப்-சி ஹப்புகள் பலவும் நான்கு லேனில் இரண்டை யுஎஸ்பி தரவுக்கு ஒதுக்கிவிடும். மிச்சமுள்ள இரண்டு லேனும் எச்.பி.ஆர். 2இல் ஓடினால் படத்துக்கு 8.64 ஜிகாபிட். 4கே 60 ஹெர்ட்ஸுக்கு 8 பிட்டிலேயே 12.5 வேண்டும். அதனால்தான் பல ஹப்புகளில் 4கே மானிட்டர் 30 ஹெர்ட்ஸில் நின்றுவிடுகிறது. அங்கே கேபிளை மாற்றிப் பயனில்லை.

என் மேசையில் கடைசியாகச் செய்தது இவ்வளவுதான். கேபினெட்டைச் சுவரோரத்திலிருந்து மேசைக் காலுக்குப் பக்கத்தில் நகர்த்தினேன். சான்று பெற்ற 2 மீட்டர் கேபிள் அங்கிருந்து எட்டுகிறது. மூன்று வாரமாக 165 ஹெர்ட்ஸ், 10 பிட், கருப்பு இல்லை. லினக்ஸில் ஒவ்வொரு வாரமும் பார்த்தேன். ‘ரிப்போர்டட்’, ‘வெரிஃபைடு’ இரண்டும் 30. மின்விசிறிச் சத்தம் முன்பு இருந்ததில் பாதி கேட்கிறது. 5 மீட்டர் கேபிளைத் தூக்கிப் போடவில்லை. அதன் கழுத்தில் ‘5.4க்கு மேல் வேண்டாம்’ என்று ஒட்டி, வெறும் 3.2 ஜிகாபிட் கேட்கும் 1080 வரி 60 ஹெர்ட்ஸ் பழைய மானிட்டருக்கு மாட்டியிருக்கிறேன்.